கிராமம் என்பது யாது?

சொல் ஒன்றை வழங்குதல் எளிது; அதற்கு இலக்கணம் கூறுதல் அரிது. ‘கிராமம்’ என்னும் சொல் நம்மவர் நாவில் நாள்தோறும் பயில்வது. அதன் பொருள் யாதென எவரும் வினவுவதில்லை. பேச்சு வழக்கில் அவ்வினாவுக்குத் தேவையும் இல்லை. ஆயின், கல்வி பற்றிய ஆய்வுகளிலே அச்சொல் ஓர் அட்டவணையின் தலைப்பாகி, அதன் கீழ் எண்கள் நிரம்பி, அவ்வெண்களைக் கொண்டு ஆசிரியர் நியமனமும் நிதி ஒதுக்கீடும் சலுகையும் தீர்மானிக்கப்படும் நிலை வந்துவிடின், வினவாதிருத்தல் தகாது. கிராமப்புற மாணவர் கணிதத்திற் பின்தங்கியுள்ளனர் என்று ஓர் ஆய்வு கூறுகின்றது எனக் கொள்வோம். அம்முடிபை ஏற்றற்கும் மறுத்தற்கும் முன்னர் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அங்கே கிராமம் எனப்பட்டது எது?

நம் நாட்டிலே தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் குடிசனத்தை மூன்று துறைகளாகப் பகுத்து எண்ணி வருகின்றது. அவை நகரம், கிராமம், தோட்டம் என்பன. மாநகர சபையின் அல்லது நகர சபையின் ஆட்சிக்குட்பட்ட இடம் நகரமாம். இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வதியும் தொழிலாளர் பதின்மருக்குக் குறையாத தொகையும் உடையது தோட்டமாம். இவ்விரண்டிலும் அடங்காது எஞ்சிய நிலமெல்லாம் கிராமமாம். நகரத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. தோட்டத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. கிராமத்துக்கோ எஞ்சி நிற்றலே இலக்கணம். அங்கே வயல் உண்டா, பேருந்து உண்டா, பள்ளிக்கூடத்துக்கு எத்துணைத் தூரம் என்று எவரும் நோக்குவதில்லை. சபையின் பெயர்ப்பலகை ஒன்றே நோக்கப்படுகின்றது.

இதனால் விளைவது யாது என்பதை நம் குடாநாட்டிலேயே காணலாம். யாழ்ப்பாண மாவட்டத்திலே மாநகர சபை ஒன்று. நகர சபைகள் சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என மூன்று. மற்றையவெல்லாம் பிரதேச சபைகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அமைந்துள்ள திருநெல்வேலி, நல்லூர்ப் பிரதேச சபைக்குள் அடங்குவது. ஆகவே கணக்கின்படி அது கிராமம். வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்குள் அடங்குவது சுன்னாகம். அதன் பெருஞ்சந்தையும் கடைவீதியும் கிராமம். ஆசிரிய கலாசாலை அமைந்துள்ள எமது கோப்பாய், வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையைச் சேர்ந்தது, அதுவும் கிராமம். இனி நெடுந்தீவை நோக்குக. குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறிக் கடல் கடந்தன்றி அங்குச் செல்லுதல் இயலாது. கடல் கொந்தளிக்குங் காலத்தே ஆசிரியரும் மாணவரும் நோயாளரும் கரையில் நின்று காத்திருப்பர். அந்நெடுந்தீவும் கிராமமே. பல்கலைக்கழக வாயிலும் நெடுந்தீவுக் கரையும் ஒரே பெயர் பெற்று, ஒரே நிரலில், ஒரே சராசரியிற் கலந்துவிடுகின்றன.

சராசரி என்பது இரக்கமற்ற ஒரு கருவி. ஒரு பேச்சுக்குப் பத்துப் பாடசாலைகளைக் கொள்வோம். ஒன்பது, பட்டணத்தின் அருகே உள்ளவை. அவற்றிலே நூற்றுக்கு எழுபது மாணவர் சித்தியடைகின்றனர். பத்தாவது தீவிலே உள்ளது. அங்கே சித்தியடைவோர் நூற்றுக்கு இருபது பேர். பாடசாலைகள் ஒரே அளவின எனின், பத்தும் சேர்ந்த சராசரி அறுபத்தைந்து. நகரப் பாடசாலைகளின் சராசரி அறுபத்தெட்டு என வைத்துக்கொண்டால், ‘கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே வேற்றுமை சிறிது’ என்று ஆய்வாளர் எழுதுவார். அவர் கணக்கிலே பிழை இல்லை. கூட்டலும் சரி, வகுத்தலும் சரி. ஆயினும் நாற்பத்தெட்டுப் புள்ளி பின்னே நிற்கும் பிள்ளைகள் மூன்று புள்ளி வேற்றுமைக்குள் மறைந்துபோயினர். அவர்களுக்காகக் குரல் கொடுக்க முயல்வோரை நோக்கி, ‘ஆய்வு அவ்வாறு கூறவில்லையே’ என்று விடை வரும்.

மறைதல் இடத்தில் மட்டுமன்று, காலத்திலும் நிகழ்கின்றது. முன்னாளிலே பட்டின சபைகளின் எல்லைக்குட்பட்ட இடங்களும் நகரமாகவே எண்ணப்பட்டன. பட்டின சபை முறை மறைந்து, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிப் பிரதேச சபைகள் தோன்றியபோது, அப்பட்டினங்கள் அச்சபைகளுள் அடங்கின. அடங்கவே கணக்கிலே கிராமங்களாயின. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரத்தவர் 21.5 வீதம். 2012 ஆம் ஆண்டிலே அவர்கள் 18.2 வீதம், கிராமத்தவர் 77.4 வீதம், தோட்டத்தவர் 4.4 வீதம். முப்பது ஆண்டுகளிலே கடைகளும் கட்டடங்களும் பெருகிய நாட்டில் நகரம் சுருங்கிற்றாம்! சுருங்கியது நகரம் அன்று, வரையறையே. இதனை அறியாத ஆய்வாளர் ஒருவர், 1981 ஆம் ஆண்டின் கிராமப்புறக் கல்வியையும் 2012 ஆம் ஆண்டின் கிராமப்புறக் கல்வியையும் ஒப்புநோக்கி, கிராமத்தின் வளர்ச்சி வியக்கத்தக்கது என்று எழுதக்கூடும். வளர்ச்சியில் ஒரு பங்கு, பட்டினங்கள் கிராமம் என்னும் பெயரைப் பெற்றமையால் வந்தது என்பதை அவர் காணமாட்டார்.

இலக்கணங் கூறுதலில் நிகழும் குற்றங்களை நம் முன்னோர் நன்கு ஆராய்ந்துள்ளனர். அன்னம்பட்டர் வடமொழியில் இயற்ற, சிவஞான முனிவர் தமிழிற்றந்த தருக்கசங்கிரகத்தைப் பிராசீன பாடசாலைகளிற் கற்றோர், அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்னும் மூன்றையும் மறந்திரார். ஆவினுக்குக் கபில நிறம் இலக்கணம் என்றால், வெள்ளைப் பசு விடுபடும், அஃது அவ்வியாப்தி. கொம்புடைமை இலக்கணம் என்றால், எருமையும் உட்புகும், அஃது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்புடைமை இலக்கணம் என்றால், பசு ஒன்றேனும் அகப்படாது, அஃது அசம்பவம். மாநகர சபையும் நகர சபையும் இல்லாமையே கிராமத்தின் இலக்கணம் என்றால், திருநெல்வேலி உட்புகுகின்றது, எருமை புகுந்தவாறு. ஒரு நகர சபையின் எல்லையோரத்திலே வயலும் தோட்டமுமாய்க் கிடக்கும் குறிச்சி விடுபடுகின்றது. வெள்ளைப் பசு விடுபட்டவாறு. ஒரே வரையறை இருவகைக் குற்றத்தையும் ஒருங்கே உடையதாகின்றது. சிறு மாணாக்கர் பசுவை வைத்துப் பயின்ற பாடத்தைப் பெரிய ஆய்வுகள் மறந்துவிடலாமா?

இக்குறையை உணர்ந்தோர் மாற்று இலக்கணங்களும் கூறியுள்ளனர். 2016 ஆம் ஆண்டிலே கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வுகள் நிறுவனத்தின் ஆய்வொன்று, கிராம அலுவலர் பிரிவை அலகாகக் கொண்டு நான்கு அளவைகளை முன்வைத்தது. ஒரு பிரிவிலே குறைந்தது 750 பேர் வாழ்தல் வேண்டும்; சதுர கிலோமீற்றருக்கு 500 பேருக்கு மேற்பட்ட செறிவு வேண்டும்; விறகை நம்பியிருக்கும் குடும்பங்களும், கிணற்று நீரை நம்பியிருக்கும் குடும்பங்களும் தனித்தனி 95 வீதத்துக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இவை அமைந்தது நகரம். இவ்வாறு எண்ணியபோது 2012 ஆம் ஆண்டின் நகரத்தவர் தொகை 18.2 வீதத்திலிருந்து 43.8 வீதமாக உயர்ந்தது. ஒரே ஆண்டு, ஒரே மக்கள், ஒரே வீடுகள். சொல்லின் பொருள் மாறியவுடன் நாட்டில் நாலிலொரு பங்கினர் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

அம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் யாழ்ப்பாணத்தார் அதனைப் படிக்கும்போது ஓரிடத்தில் தயங்கி நிற்பர். எமது குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழ்த் தங்கிய மழைநீரே எமது செல்வம். கிணறே எமது ஆறு. அண்மைக் காலத்திற் குழாய்நீர்த் திட்டங்கள் வந்துகொண்டிருப்பினும், மாடி வீட்டாரும் குடிசையாரும் தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரையே பருகி வந்தனர். ஏனைய மாவட்டங்களிலே கிணறு கிராமத்தின் அடையாளமாக இருக்கலாம். இங்கே அது நிலத்தின் இயல்பைக் காட்டுமேயன்றி ஊரின் இயல்பைக் காட்டாது. ஓரிடத்திற் பொருந்திய இலக்கணம் வேறோரிடத்திற் குற்றமாதல் இதனால் விளங்கும்.

பிறநாட்டார் செய்வதையும் சிறிது நோக்குவோம். இந்தியாவின் குடிசன மதிப்பிலே, சட்டப்படி நகரம் என அறிவிக்கப்படாத ஊரும், 5,000 பேரும், சதுர கிலோமீற்றருக்கு 400 பேர் செறிவும், ஆண் தொழிலாளரில் முக்காற் பங்கினர் வேளாண்மை சாராத் தொழிலும் உடையதாயின் நகரமாக எண்ணப்படும். 2020 ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட முறையோ, நிலத்தை ஒரு சதுர கிலோமீற்றர்க் கட்டங்களாக வகுத்து, சபைகளின் எல்லையை நோக்காது மக்கட் செறிவையே நோக்குகின்றது. அமெரிக்காவின் கல்விப் புள்ளிவிபர நிலையம், கிராமம் என்ற ஒன்றையே நகரத்திலிருந்துள்ள தூரத்தைக் கொண்டு அருகு, தொலைவு, மிகுதொலைவு என மூன்றாகப் பகுக்கின்றது. பல நாட்டு மாணவரை ஒருங்கு சோதிக்கும் ‘பிசா’ ஆய்விலே, பாடசாலை அமைந்த ஊரின் அளவைத் தலைமையாசிரியரிடமே கேட்பர். 3,000 பேருக்குக் குறைந்த ஊர் கிராமமாம். இவற்றுள் எதுவும் குற்றமற்றது என்று யான் கூறவில்லை. ஒவ்வொன்றும் தன் விதியை வெளிப்படக் கூறுகின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது. நம்மவர் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றிலோ ‘கிராமப்புறப் பாடசாலைகள் தெரிவு செய்யப்பட்டன’ என்ற ஒரு வரியோடு விதி முடிந்துவிடுகின்றது.

இனி, கல்வி ஆய்வுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குடிசன மதிப்பு வீட்டை எண்ணுகின்றது. கல்வி ஆய்வு பாடசாலையை எண்ணுகின்றது. பிள்ளையோ இரண்டுக்கும் இடையே பேருந்திலும் துவிச்சக்கர வண்டியிலும் போய் வருகின்றது. கோப்பாயிலும் நீர்வேலியிலும் இருபாலையிலும் வாழும் பிள்ளைகள் பலர் நகரத்துக் கல்லூரிகளிற் கற்கின்றனர். அவர்கள் கிராமத்து மாணவரா, நகரத்து மாணவரா? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே திறமை காட்டியோர் பெயர்பெற்ற கல்லூரிகளுக்குச் செல்ல, ஊர்ப் பாடசாலையின் சராசரி தாழ்கின்றது. ஆய்வாளர் அதனைக் கண்டு, ‘கிராமப் பாடசாலை கற்பித்தலிற் பின்தங்கியது’ என்பார். நாற்றைப் பிடுங்கிச் சென்று வேறு வயலில் நட்டபின், நாற்றங்காலைப் பார்த்து, விளையாத நிலம் என்று பழித்தல் முறையாகுமா?

கிராமம் என்றாற் கல்வி குன்றிய இடம் என்னும் எண்ணமே எமது நிலத்துக்குப் பொருந்தாத ஒன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டிலே உயர்கல்விச் செமினரியை நிறுவியது வட்டுக்கோட்டையிலே. 1824 ஆம் ஆண்டிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது உடுவிலிலே. இவ்விரண்டும் அன்றும் கிராமங்கள். கணக்கின்படி இன்றும் கிராமங்களே. ஆதலின் குடாநாட்டிலே கிராமம் என்ற சொல்லைக் கல்விக் குறைவுக்குப் பதிலாக வழங்குதல், அளக்கவேண்டிய பொருளை விட்டு அதன் நிழலை அளப்பதாக முடியும்.

அவ்வாறாயின் பெயர்களே வேண்டாவோ எனின், அங்ஙனம் கூறுதலும் பிழையாகும். பெயர் பெறாத துன்பம் கணக்கில் ஏறாது. தோட்டத்துறையை நோக்குக. தோட்டங்களில் வாழ்ந்தோர் 2012 ஆம் ஆண்டிலே நாட்டு மக்களில் 4.4 வீதத்தினரே. ஆயினும் புள்ளிவிபரத்தில் அவர்களுக்குத் தனி நிரல் உண்டு. அந்நிரல் இருந்தமையாலே தோட்டப் பிள்ளைகளின் கல்விக் குறைவு வெளிப்பட்டது. வெளிப்பட்டமையாலே அதனைக் குறித்து வாதிடுதல் இயன்றது. அவர்களைக் கிராமம் என்ற பெருங்கடலிற் கலந்திருந்தால், 77 வீதத்துக்குள் 4 வீதம் கரைந்து காணாமற் போயிருக்கும். தீவகத்துப் பிள்ளைக்கும் எல்லைப்புறத்துப் பிள்ளைக்கும் அத்தகைய நிரல் இல்லை. அவர்கள் கரைந்தே கிடக்கின்றனர்.

இட அலகு ஒன்று பிள்ளைகளின் தலைவிதியை நிர்ணயிக்கும் என்பதை இந்நாட்டு மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1970 களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், 1974 ஆம் ஆண்டில் வந்த மாவட்டக் கோட்டாவும் எத்துணைக் கசப்பை விளைத்தன என்பதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. இன்றும் பல்கலைக்கழக அனுமதியிலே, பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. ஒரே மாவட்டத்துள் நகரத்துப் பெருங்கல்லூரி மாணவனும் நெடுந்தீவு மாணவியும் ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகின்றனர். மாவட்டம் என்ற அலகு அவர்களுக்கிடையே வேற்றுமை காணாது. தமிழ்நாட்டிலே 2020 ஆம் ஆண்டில் மருத்துவக் கல்வி அனுமதிக்கு 7.5 வீத உள் ஒதுக்கீடு செய்தபோது, ஊரை அளவையாகக் கொள்ளாது, அரசுப் பள்ளியிற் கற்றமையை அளவையாகக் கொண்டனர். அஃது எல்லார்க்கும் உடன்பாடோ அன்றோ, கருதிய குறைவு எதுவோ அதனையே நேரே சுட்டும் முயற்சி அஃது என்பதை மறுத்தல் இயலாது.

இவ்விடத்தே நம் பொருளிலக்கணம் ஒரு வழி காட்டுகின்றது. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்குக்கும் நிலம் வகுத்தார். பாலைக்கு நிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது இளங்கோவடிகள் கருத்து. பாலை என்பது நிலத்தின் பெயராகாது நிலையின் பெயராயிற்று. எந்த நிலமும் தனக்குரியதை இழந்தாற் பாலையாகும். மழை பெய்தால் மீண்டும் தன் இயல்பு பெறும்.

கல்விக் குறைவும் அத்தன்மையதே. 1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களோடு பாடசாலைகளும் இடம்பெயர்ந்து, பிற ஊர்களிலே கொட்டில்களிலும் பிற்பகல் நேரங்களிலும் ஆண்டுக்கணக்காக நடந்தன. செம்மண்ணும் கடல்வளமும் உடைய ஊர்களின் கல்வி ஒரு நாளிற் பாலையாயிற்று. அப்பாடசாலைகளை எந்த நிரலில் எழுதுவது? ஊர் இருந்த இடத்திலா, வகுப்பு நடந்த இடத்திலா? நிலத்தைக் கேட்கும் வினாத்தாளுக்கு அங்கே விடை இல்லை. நிலையைக் கேட்கும் வினாத்தாளே அப்பிள்ளைகளைக் கண்டிருக்கும்.

ஆசிரியர் இடமாற்றத்தின் பொருட்டுக் கல்வி அமைச்சு பாடசாலைகளை வகுத்து, கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எனச் சிலவற்றைக் குறித்துள்ளது. இவ்வகுப்பிலும் குறை உண்டு. பாதை திருந்தியபின்னும் பட்டியல் திருந்தாதிருத்தல் கூடும். ஆயினும் நகரம், கிராமம் என்ற பழம் இரட்டையைக் காட்டிலும் இது பாலையின் இலக்கணத்துக்கு அணித்தானது.

இதற்குத் தடை கூறுவோர் உளர். ‘ஆய்வுக்கு எளிய பகுப்பு வேண்டும்; அரசாங்கத்தின் பகுப்பையே கொண்டாலன்றி ஓர் ஆய்வை மற்றோர் ஆய்வோடு ஒப்பிடுதல் இயலாது’ என்பர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆளுக்கொரு கிராமம் படைப்பாராயின் குழப்பமே மிஞ்சும். ஆகவே அரசாங்கப் பகுப்பு நிற்கட்டும். அதன் பக்கத்திலே வேறு சில நிரல்களும் நிற்கட்டும் என்பதே என் விண்ணப்பம். பாடசாலைக்கும் அண்மையிலுள்ள பட்டணத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு? பயணம் எத்துணை நாழிகை? இடையே கடல் உண்டா? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் உளரா? க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு அங்கு உண்டா? மாணவரின் வீடு எந்தக் கிராம அலுவலர் பிரிவில்? தனியார் வகுப்புக்குப் போக வழி உண்டா? இவை அனைத்தும் எண்ணத்தக்கவை. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்குபவை. இவற்றைக் கேட்டபின், கிராமம் என்ற சொல் விளக்க முயன்றதில் எவ்வளவு உண்மையிற் கிராமத்தால் வந்தது, எவ்வளவு ஆசிரியரின்மையால் வந்தது என்பதைக் கணக்கே பிரித்துக் காட்டும். ஆசிரியரின்மையைக் கிராமம் என்று பெயரிட்டு எழுதினால், பழி மண்ணுக்குப் போகும். பொறுப்புடையோர் நிழலில் இருந்துவிடுவர்.

கலாசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்யும் இளைஞருக்கு ஒன்று கூறுவேன். கணிதக் கருவிகளிலே உங்கள் தேர்ச்சி எம் தலைமுறையார் கனவிலும் காணாதது. அத்தேர்ச்சியோடு சொல்லாராய்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாடசாலையைக் கிராமம் என எழுதுமுன், யார் வகுத்த கிராமம், எந்த ஆண்டுப் பட்டியலின்படி, பாடசாலை நின்ற இடத்தாலா பிள்ளை வாழும் இடத்தாலா என்னும் மூன்றையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். பகுப்பை மாற்றினால் முடிபும் மாறுகின்றதா என்பதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மாறுமாயின், அதனை மறையாது கூறுங்கள். அம்மாற்றமே சில வேளை உங்கள் ஆய்வின் தலையாய பயனாகும்.

எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். எண் மாத்திரம் திறந்து எழுத்து மூடியிருப்பின், அஃது ஒரு கண்ணாற் காணும் காட்சியே. நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்கும் பிள்ளை நம் அட்டவணையில் எங்கே நிற்கின்றது என்பதைக் காண இரு கண்ணும் வேண்டும்.